மெஷினுக்குக் கைமணம் கிடையாது

பக்கோடாவுக்குப் பல்லாரி வெங்காயத்தை மெல்லிசாக நறுக்க யாருக்கும் வரும். அதிலிருக்கும் தண்ணீரை வெளியே எடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி என்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஏர் ஃப்ரையரில் முடியாது. தண்ணீர் நின்றால் வெங்காயம் துவண்டுவிடும், மொறுமொறுப்பு வராது. உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் தானாகப் பிரிந்து வரும். எல்லாம் அந்த உப்பில் ஆரம்பித்ததால் இதை முதலில் எழுதுகிறேன்.

எஸ்.ஐ. நிர்மலாதேவி அம்மா, நீங்கள் தாளையும் பேனாவையும் கொடுத்து, "மனசுல உள்ளத எழுதுங்கம்மா, பாரம் குறையும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். எனக்குப் பாரம் ஒன்றும் கிடையாது. என் மேல் நானே புகார் கொடுக்க வந்திருக்கிறேன், அதை முறையாக எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கித்தாய். வயது ஐம்பத்தெட்டு. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் இறந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். சாப்பாட்டில் மட்டும் ஒரு பழக்கம் உண்டு. முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடுவார். திறந்ததும் "உப்பு குறையுது" என்பார். இல்லையென்றால் "உப்பு கூடிட்டு" என்பார். பிறகு, "எங்கம்மைக்குக் கைமணம் உண்டு. ஒனக்கு அது கிடையாதுட்டி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷம். அதில் ஒரு நாள்கூடவா உப்பு சரியாக இருந்திருக்காது? அவர் வாய் திறந்து சொன்னதில்லை. வேறு குறை எனக்கு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மூச்சு வாங்கியது. பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். இருதயம் பலவீனமாக அடிக்கிறது, உப்பு சேர்த்தால் உடம்பில் தண்ணீர் தங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஒரு நாளைக்கு இவ்வளவு உப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டும் என்றார். 'தவிர்க்க வேண்டியவை' என்று ஒரு தாளும் கொடுத்தார். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

ஒன்றரை வருஷம் அந்தத் தாளில் இருந்தபடி பிசகாமல் சமைத்தேன். அதையும் கேஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த உப்பில்லாத சோறுதான். அவர் தட்டைத் தள்ளிவிடுவார். "மண்ணத் திங்குத மாதிரி இருக்கு" என்பார். மறுவேளையும் அப்படியேதான் சமைத்து வைப்பேன்.

இந்தச் சித்திரையில் எங்கள் மகள் சண்முகப்ரியா பெங்களூரிலிருந்து வரும்போது ஏர் ஃப்ரையர் வாங்கி வந்தாள். "எண்ணெயே வேண்டாம்ப்பா, இனிமே பயமில்லாம சாப்பிடலாம்" என்றாள். அவருக்கு வெங்காயம் மொறுமொறுவென்று இருந்தால் உயிர். முதல் நாள் உப்பில்லாமல் செய்தேன், சவசவ என்று வந்தது. மறுநாள் உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்து, தண்ணீரில் அலசிவிட்டு, கடலை மாவும் அரிசி மாவும் சோம்பும் கறிவேப்பிலையும் சேர்த்து வைத்தேன். நூற்றியெண்பது டிகிரி, பன்னிரண்டு நிமிஷம், பாதியில் ஒரு குலுக்கல். அவர் வாயில் போட்டார். கண்ணை மூடவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் போனை எடுத்து மகளிடம், "நீ வாங்கிக் குடுத்த மெஷின் பிரமாதமா செய்யுதும்மா" என்றார்.

அது பரவாயில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது, அவளிடம் அப்படித்தானே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று அவருடைய சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் வெங்காயம் செய்துபோடச் சொன்னார். அந்தக் கூடையில் ஒரு தடவைக்கு இரண்டு கை அளவுதான் கொள்ளும். மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றவள், ஆறரைக்குத்தான் வெளியே வந்தேன். அதற்குள் அம்மனுக்குச் சாமி தரும் தபசுக் காட்சி முடிந்து ஜனம் தெற்கு ரத வீதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காட்சி பார்க்காத தபசு அது ஒன்றுதான்.

தட்டு நிறைய வைத்ததும் அவருடைய அக்கா தின்றுபார்த்து, "ஏட்டி இசக்கி, கடையில வாங்குனது கணக்கா இருக்கு" என்றாள். அவர் சிரித்தார்.

"அவ என்னத்தச் செஞ்சா? மெஷின்லா செய்யுது. பட்டன அமுக்குனா பச்சப்பிள்ளைக்கும் வரும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே காலித் தட்டுகளை எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அருவருப்புத்தான் வந்தது, அவர் மேலும் அந்தக் கறுப்புப் பெட்டி மேலும்.

மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளை நிதானமாகப் படித்தேன். சமையல் சோடா, சாட் மசாலா, அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று வரிசையாக இருந்தது. டாக்டர் வேலையை எனக்குச் சுலபமாக்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து வெங்காயத்தை உப்பில் பிசறிய பிறகு அலசவில்லை. பிழிந்த தண்ணீரையும் கொட்டாமல் அதிலேயே மாவைப் பிசைந்தேன். மாவில் தனியாக உப்பு, சோடா. வெந்து வந்ததும் மேலே சாட் மசாலா. சோறு, குழம்பு, இட்லி எல்லாவற்றையும் முன்போலவே உப்பில்லாமல் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணெயைத்தான் பார்த்தார்கள். எண்ணெய் இல்லை என்றதும், "குடுத்து வச்சவரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நாலரைக்கு ஒரு கிண்ணம். தின்று முடித்தால் தாகம் எடுக்கும். "தண்ணி கொண்டா" என்பார். தாகம் என்று கேட்கிறவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது பாவம். செம்பு நிறையக் கொடுத்தேன்.

காலையில் எடை மெஷினில் ஏறி நிற்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது, நான்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எழுபத்தொன்று காட்டிய அன்று, "அறுபத்தெட்டு, அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி, நோட்டிலும் அதையே எழுதினேன். மாதாந்திர செக்கப்புக்கு, "எட கூடலையே, எதுக்கு அவ்வளவு தூரம் அலைச்சல்" என்றேன். அவரும் சரி என்றார். ராத்திரி கால் பிடித்துவிடும்போது முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். பள்ளம் விழும். அது நிரம்ப எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று மனதுக்குள் எண்ணுவேன். செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்றார். கோவில் வாசல் கடையில் ஒரு சைஸ் பெரிய செருப்பாக வாங்கிக் கொடுத்தேன்.

நான் நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு நாளும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அவருடைய சிநேகிதர் பாண்டியராஜ் சாயங்காலம் பேச வருவார். புரட்டாசியில் ஒரு நாள் அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "மதினி, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ" என்றார். தண்ணீர்ச் செம்போடு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஒமக்கு நாக்கு செத்துப்போச்சு வே. உப்பு சரியா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவை. கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்த்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அன்றோடு விட்டிருப்பேன். அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்த ஏர் ஃப்ரையரை இரண்டு தட்டுத் தட்டி, "இதுக்கு அளவு தெரியுது வே. மனுசிக்குத்தான் தெரியாது" என்றார்.

ஐப்பசி பிறந்து பத்தாவது நாள், படுத்தால் மூச்சு விட முடியவில்லை. விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனோம், மகளும் வந்துவிட்டாள். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, "உப்பு சேத்தீங்களா?" என்று கேட்டார். சண்முகப்ரியா அழுதுகொண்டே, "எங்க வீட்டுல எண்ணெயே கிடையாது டாக்டர், எல்லாம் ஏர் ஃப்ரையர்லதான்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க குடுத்த தாள் ஃப்ரிட்ஜ்லதான் ஒட்டியிருக்கு" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்தில், சாப்பிட்டு எழுந்த பிறகு, பாண்டியராஜ் போனில் யாரோ அனுப்பியதை எடுத்து உரக்க வாசித்தார். இந்த மாதிரிப் பெட்டிக்குள் பூசியிருக்கும் பூச்சு உருகி உணவில் சேர்ந்து ஆளைக் கொல்லும் என்று அதில் இருந்தது. "நம்ம அண்ணாச்சிய அந்த மெஷின்தான் கொன்னுட்டு" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். என் மகள் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தாம்மா வாங்கியாந்தேன், நான்தான் அப்பாவக் கொன்னுட்டேன்" என்று அழுதாள். பெற்ற வயிறு தாங்குமா? அவளுக்காகத்தான் இங்கே வந்தேன்.

நீங்களும் அவர்களைப் போலத்தான் பேசினீர்கள். "வயசானவரு, ஹார்ட் வீக்கு, டாக்டரே இயற்கைச் சாவுன்னு எழுதிட்டாரு. துக்கத்துல இப்படித் தோணும், வீட்டுக்குப் போங்கம்மா" என்றீர்கள். வீட்டுக்குப் போனால் மறுபடியும் அந்தப் பேச்சுத்தான் நடக்கும்: மெஷின் செய்தது, மெஷின் கொன்றது. பன்னிரண்டு நிமிஷம் ஓடி மணி அடித்து நிற்கும் பெட்டி அது. அதற்கு உப்புப் போடத் தெரியுமா? எடையை மாற்றி எழுதத் தெரியுமா? மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், ஒரு சிட்டிகை பிசகாமல், நான் செய்தேன்.

மகளுக்காகத்தான் வந்தேன் என்று மேலே எழுதியதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

ஏர் ஃப்ரையரைப் பையில் கொண்டுவந்து உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பல்லாரி ஒரு கிலோவும் மாவும் மசாலாவும் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்ததும் பிளக் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். தின்றுபார்த்துவிட்டு, செய்தது அதுவா நானா என்று உங்கள் வாயாலேயே ஒரு தடவை சொல்லுங்கள்.