கடிதத்தின் பின்பக்கம்

காளான் வளர்த்து முடிந்த உரத்தைப் புதிதாக அப்படியே தோட்டத்தில் கொட்டக் கூடாது ஐயா. உப்பு வேரைச் சுட்டுவிடும். ஒரு குளிர்காலம் மழையிலும் பனியிலும் கிடந்து உப்பு இறங்க வேண்டும். அதன்பிறகு கலந்தால் களிமண்ணும் பொலபொலவென்று வரும். எங்களிடம் உரம் வாங்கிய ஹான்னம் அம்மாளிடமும் இதைத்தான் சொன்னேன். அவருடைய தக்காளிப் பாத்தியில் பெல்ட் கொக்கி கிடைத்தது என் கவனக்குறைவு. சலித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

கொக்கி எவோதியோவுடையது. பென்சில்வேனியாவின் இந்தக் காளான் கொட்டகைகளுக்கு மெக்சிகோவிலிருந்து ஒன்றாக வந்தோம். பதினோரு வருடம் ஒரே அறை. என் மகள் மரிசேலாவுக்கு அவன் ஞானத்தகப்பன்; அந்த முறையில் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்று கூப்பிடுவோம். எனக்கு எழுத்துத் தெரியாது. என் மனைவி ஒஃபேலியாவின் கடிதங்களை அவன்தான் படித்துச் சொல்வான்.

“கேளு கொம்பாத்ரே, உன் பொண்ணு கோழியைத் துரத்திக்கிட்டுப் போயி வேலியில விழுந்தாளாம். நடையும் உன்னை மாதிரியே, வானத்தைப் பாத்துக்கிட்டு.”

போன வருடம் மாதா கோவில் வகுப்பில் எழுத்துப் படித்தேன். அவனை அசத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து முதலில் அந்த வேலிக் கடிதத்தைத்தான் எடுத்தேன். விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். வேலியும் இல்லை, கோழியும் இல்லை. மரிசேலா காய்ச்சலில் போய்விட்டாள் என்று இருந்தது. மூன்று வருடமாக நான் செத்த பிள்ளைக்குச் செருப்பு அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் ஓர் அளவு பெரிதாக.

அவசரப்படவில்லை. கடிதத்தை அவனிடம் நீட்டினேன். “இன்னொரு தரம் படி கொம்பாத்ரே.”

“பழசைப் போயி நோண்டுறியே, கிழவா” என்று சிரித்தான். பிறகு கோழியை ஓட விட்டான். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் கொட்டகையை உரத்தோடு நீராவியில் வேகவைப்பது எங்கள் முறை. உள்ளே போகிறவன் தொப்பியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ஆணி காலியாக இருந்தால்தான் கொதிகலன்காரர் நீராவியைத் திறப்பார். மறுநாள் மத்தியானம், எங்கள் இருவருக்கும் முட்டையோடு வதக்க மிச்சக் காளான் பொறுக்கவென்று எவோதியோ உள்ளே போனான். நான் அவன் தொப்பியை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கதவைத் தாழிட்டேன், தாழிடுவது என் வேலைதான். நீராவி இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. அநேகமாகக் கேட்காது.

உரம் வாருவதும் என் வேலை. அவனைக் குவியலின் நடுவில் வைத்தேன். குடியேற்றத் துறைக்காரர்கள் பிடித்துப் போயிருப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பனி பெய்தது.

வகுப்பில் நாங்கள் தாளின் ஒரு பக்கம்தான் எழுதுவோம். பின்பக்கத்திலும் எழுத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உரம் விற்றுப்போன வாரம், கடிதம் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது.

‘கொம்பாத்ரே, முன்பக்கம் அழுதுக்கிட்டே எழுதிட்டேன். அதை அவருக்குப் படிக்காதீங்க. தெரிஞ்சா ஓடி வந்துடுவாரு. திரும்ப எல்லை தாண்டிப் போற பாலைவனத்துல அவரையும் சாகக் கொடுக்க என்னால ஆகாது. பிள்ளையப் பத்தி ஏதாவது சந்தோஷமாச் சொல்லிட்டிருங்க. அவர் ஊருக்கு வரும்போது நானே சொல்லிக்கிறேன்.’

படித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நான் கேட்ட அன்றே அவன் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். அதுவும் சரிதான். ஆனாலும் ஏமாற்றியது அவன்தானே ஐயா, நான் இல்லையே.