பதினாலு நாள் எந்தப் படையும் இல்லை

அகிசாவா: மண்வெட்டியை இப்படிப் பிடிக்கக் கூடாதாமே?

நிஷிகோரி: யார் சொன்னா?

அகிசாவா: அந்த ஆஸ்திரேலியக் காவல்காரன். என்னைப் பாத்துச் சிரிக்கிறான்.

நிஷிகோரி: சிரிக்க மாட்டானா பின்ன? மேஜர் அகிசாவா ஐயா பேனா பிடிக்கிற மாதிரியில்ல பிடிச்சிருக்கீங்க.

அகிசாவா: கேலி பண்ணுங்க. கேட்டுக்கறேன். தோத்தாச்சு.

நிஷிகோரி: தோத்துக் கைதியாகி அஞ்சு மாசம் ஆச்சு. நீங்க இந்தக் கிழங்குப் பாத்திக்கு வந்து நாலு நாள்தான் ஆகுது. தலைமையகத்து ஆபீசருங்களுக்கெல்லாம் சமையல்கட்டுல வேலை போட்டிருக்காங்க. நிழல் வேற. அதை விட்டுட்டு...

அகிசாவா: நானாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

நிஷிகோரி: எதை? இந்த வெயிலையா?

அகிசாவா: உங்களோட வேலை செய்யணும்னு. கேப்டன் நிஷிகோரி... கவுரா ஆத்தங்கரையில நின்ன பட்டாலியன் உங்களுதுதானே?

நிஷிகோரி: கமாண்டர் மலேரியாவுல போயிட்டாரு. அப்புறம் என் தலையில விழுந்துச்சு. அறுநூத்துப் பன்னெண்டு பேர். இப்ப எதுக்கு அது?

அகிசாவா: வெள்ளிக்கிழமை கப்பல் வருது. ஊருக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சாகணும். அங்க என்னதான் நடந்துச்சு?

நிஷிகோரி: என்னைக் கேக்கறீங்க! எந்தப் படை எங்க நிக்கணும்னு கோடு போட்ட மேஜையே உங்களுது.

அகிசாவா: மேஜையிலேர்ந்து பாத்தா ஆறு ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான் தெரிஞ்சுது.

நிஷிகோரி: நல்லா இருக்கு! சரி, இப்பக் கிட்டத்துல பாருங்க. இந்த வாய்க்கால்தான் ஆறு. அந்தப் பக்கப் பாத்தி கிழக்குப் படை, மூணு டிவிஷன். இந்தப் பக்கம் மேற்குப் படை, ரெண்டு டிவிஷன். ரெண்டுக்கும் தலைக்கு மேல பெரிய தலைமையகம், ஐயா விசிறி போட்டு உக்காந்திருந்த இடம். சரியா?

அகிசாவா: விசிறி ஓடல. மின்சாரம் இல்ல.

நிஷிகோரி: ஐயோ பாவம்.

அகிசாவா: ...சொல்லுங்க.

நிஷிகோரி: நாங்க கிழக்குப் படை. மேற்குல ஆள் போதல, ஒரு பட்டாலியனைப் பிச்சுக் குடுன்னு மேலேர்ந்து உத்தரவு. எங்களைப் பிச்சாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க மேற்குப் படைன்னாங்க. ஆத்தைத் தாண்டினோம். கழுத்து வரைக்கும் தண்ணி. அன்னைக்குக் காலையிலேயே கிழக்குப் படை சாப்பாட்டுப் பட்டியல்ல எங்க பேரை அடிச்சுட்டாங்க. அதுல மட்டும் என்ன சுறுசுறுப்பு!

அகிசாவா: மேற்குப் படையில?

நிஷிகோரி: "நீங்க பதினஞ்சாம் தேதிதானே வரணும்? இப்ப யாரு உங்களைக் கூப்பிட்டா?"ன்னு கேட்டாங்க, பொண்ணு வீட்டுக்கு முன்கூட்டியே வந்த மாப்பிள்ளையைக் கேக்கற மாதிரி. பதினாலு நாள் நாங்க எந்தப் படையும் இல்ல. வானத்துலேர்ந்து குதிச்சவங்க.

அகிசாவா: அது... மேற்குக்குப் போன நகல்ல தேதி தப்பா விழுந்துடுச்சு.

நிஷிகோரி: தானா விழுந்துச்சா?

அகிசாவா: நான்தான் எழுதினேன்.

நிஷிகோரி: எப்பத் தெரிஞ்சுது?

அகிசாவா: கேப்டன்...

நிஷிகோரி: எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்!

அகிசாவா: மூணாம் தேதி.

நிஷிகோரி: மூணாம் தேதி எங்கள்ல ஒருத்தனும் சாகல. அது தெரியுமா உங்களுக்கு?

அகிசாவா: தளபதி முத்திரை வெச்ச உத்தரவு. அதுல தப்புன்னு அவர் முன்னால போய் யார் நிக்கறது? பத்துப் பன்னெண்டு நாள்தானே, எப்படியாவது சமாளிச்சுக்குவாங்கன்னு...

நிஷிகோரி: சமாளிச்சோம். பெரணித் தழையைத் தின்னோம். பல்லி தின்னோம். பெல்ட்டைக் கூட வேக வெச்சோம். அதுல நாப்பத்தொரு பேர் சமாளிக்கல. நாங்க நின்ன இடத்துலேர்ந்து கூப்பிடு தூரத்துல ஒரு கிடங்கு. கூரை வரைக்கும் அரிசி. எங்க கரையிலதான் இருந்துச்சு, ஆனா கிழக்குப் படைக்குச் சொந்தம். ஏழு தடவை போய்க் கேட்டேன். அந்த லெப்டினன்ட் வாசல் வரைக்கும் வருவான், குனிஞ்சு வணங்குவான், "உங்க பேரு எங்க பட்டியல்ல இல்ல, மன்னிச்சுக்கோங்க"ம்பான். என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டான்.

அகிசாவா: உராகாமி.

நிஷிகோரி: பேரெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களே!

அகிசாவா: அவன் வயர்லெஸ்ல கேட்டான். "பசியில ஒரு பட்டாலியன் வாசல்ல நிக்குது, குடுக்கலாமா?"ன்னு. மூணு தடவை.

நிஷிகோரி: என்னது? கேட்டானா?

அகிசாவா: கேட்டான்.

நிஷிகோரி: எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே... யாரு பதில் போட்டா?

அகிசாவா: "ஒரு மணி அரிசி கூடக் குடுக்காதே. மீறினா ராணுவ நீதிமன்றம்." நான்தான் போட்டேன். குடுத்தா ஏன் குடுத்தேன்னு கேள்வி வரும். நோண்டினா அந்தத் தேதி வெளிய வந்துடும்.

நிஷிகோரி: அடப்பாவி...

அகிசாவா: மண்வெட்டியை இறக்குங்க. காவல்காரன் பாக்கறான்.

நிஷிகோரி: பாக்கட்டும்!

அகிசாவா: சரி, அடிங்க. ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுங்க. உராகாமி எப்படிச் செத்தான்?

நிஷிகோரி: ...எதிரி தாக்கினான். அறிக்கையில இருக்கு.

அகிசாவா: பன்னெண்டாம் தேதி விடியக்காலை. அன்னைக்கு எதிரி நாப்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருந்தான். வரைபடத்துல ஊசி குத்தினவன் நான். எனக்குத் தெரியாதா? அறிக்கையில கையெழுத்து உங்களுது.

நிஷிகோரி: ஓ! அதுக்குத்தான் மண்வெட்டி எடுத்துட்டு வந்தீங்களா? போய்ச் சொல்லுங்க. அந்த வெள்ளைக்காரன்கிட்டயே சொல்லுங்க. கப்பலுக்குப் பதிலா எனக்குக் கயிறு கிடைக்கும்.

அகிசாவா: யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

நிஷிகோரி: பின்ன எதுக்கு நோண்டறீங்க?

அகிசாவா: உராகாமிங்கறது அவன் மாமனார் வீட்டுப் பேரு. அந்த வீட்ல ஆண் வாரிசு இல்ல, மாப்பிள்ளையாப் போனவன் அவங்க பேரையே எடுத்துக்கிட்டான். பொறந்தப்ப அவன் பேரு அகிசாவா தெய்ஜி. என் தம்பி.

நிஷிகோரி: ...தெரியாது. சத்தியமாத் தெரியாது.

அகிசாவா: தெரிய வேண்டியவன் நான். வயர்லெஸ்ல மூணாவது தடவை கேட்டப்ப "அண்ணா"ன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தான். அதுக்கும் அதே பதிலைத்தான் போட்டேன்.

நிஷிகோரி: போதும், ஐயா.

அகிசாவா: ஊர்ல அம்மா இருக்காங்க. என்னன்னு சொல்லுவேன்? கடைசி வரைக்கும் உத்தரவை மீறல, கதவைத் திறக்கல, அதனாலதான் நீங்க... அப்படித்தானே? நான் சொன்னதைக் கேட்டுத்தான் செத்தான். "கீழ்ப்படிஞ்சு செத்தான்மா"ன்னு சொல்லலாமா? அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க, போதும்.

நிஷிகோரி: சொல்லாதீங்க. அது பொய். கதவை உடைக்கறதுக்கு மரத்தைத் தூக்கிட்டுப் போனோம், ஐயா... உடைக்கறதுக்கு முன்னாடியே கதவு திறந்துச்சு. ஒருத்தன் குனிஞ்சுகிட்டு தோள்ல எதையோ தாங்கிட்டு வந்தான். அரை இருட்டு. மெஷின் கன்னுன்னு நினைச்சுட்டேன். சுட்டது நான்தான்... வேற யாரும் இல்ல. அது அரிசி மூட்டை. கதவுக்குப் பின்னால இன்னும் முப்பது மூட்டை அடுக்கி வெச்சிருந்தான். ஒவ்வொண்ணுலயும் கரியால எங்க பட்டாலியன் பேரை எழுதியிருந்தான்.