நாலு ப்ளக் காயுற நேரம்

— இன்னொரு தடவை சாவியைத் திருப்புங்க சார். மெதுவா.

— திருப்பிட்டேன், மெக்கானிக்கம்மா. கேக்குதா? கரகரன்னு சுத்துது, பிடிக்கத்தான் மாட்டேங்குது. அதாவது, இருமல் வருது, சளி வரல.

— இருமலையும் சளியையும் உங்க மருந்துக்கடையில வச்சுக்குங்க. கையை எடுங்க, பேட்டரி இறங்கிடும்.

— வண்டியைப் பாக்க வர்ற பையன் நாலு மணிக்கு வந்துடுவான். இப்பவே மூணு.

— மூணு அஞ்சு. காலையில நான் ஆயில் பாக்க வந்ததிலேர்ந்து அதையேதான் சொல்றீங்க. சரி, சொல்லுங்க, இன்னைக்கு என்ன சாக்கு? போன மாசம் பூனை. அதுக்கு முந்தின மாசம் தண்ணி லாரிக்கு வழி விட்டேன்னீங்க. அதுக்கு முன்னாடி வெயில் அடிக்குது, நிழலுக்கு நகர்த்தினேன்னீங்க. ஆறிக் கிடக்கிற இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நாலடி நகர்த்தி, உடனே ஆஃப் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டிருக்கேன்? சூடேறாம நிறுத்தினா உள்ள பெட்ரோல் தேங்கி நாலு ப்ளக்கும் நனைஞ்சு போயிடும். பிஸ்டனுக்குப் பதிலா முக்கோணம் சுத்துற இந்த இஞ்சினுக்கு அது மட்டும் ஆகவே ஆகாது.

— சொல்லப் போனா, அதை உங்களுக்குச் சொன்னதே நான்தான். கையேட்டுல பதினெட்டாம் பக்கம்.

— ஊருக்குத்தான் உபதேசம்.

— இல்லம்மா, இன்னைக்கு வந்து...

— விடுங்க சார். ஆனது ஆச்சு. பானெட்டைத் தூக்கிட்டு நீங்க போய் டீயைப் போடுங்க. ப்ளக்கை நான் கழட்டிப் பாக்கறேன். கிட்ட நின்னு எட்டிப் பாத்தீங்கன்னா எனக்குக் கை ஓடாது.

— சர்க்கரை அரை ஸ்பூன்தானே?

— மூணு வருஷமா அதேதான்.

— ஜன்னல் திறந்துதான் இருக்கு. அடுப்படியிலேர்ந்தே பேசறேன். கேக்குதா?

— அடுத்த தெருவுக்கே கேக்கும்.

— அந்தப் பையன் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? இந்த மாடலைத் தேடி ரெண்டு வருஷம் அலைஞ்சானாம். விலையே பேசல. அவன்கிட்ட கம்பெனியோட கதையைச் சொல்லணும். அது தெரியாம இந்த வண்டியை வாங்கக் கூடாது. அதாவது, நூறு வருஷத்துக்கு முன்னாடி...

— பாட்டில் கார்க்கு செஞ்ச கம்பெனி. அப்புறம் மூணு சக்கர வண்டி. அப்புறம் அவங்க ஊர் மேலயே அந்த அணுகுண்டு விழுந்துச்சு. நாலே மாசத்துல திரும்பவும் மூணு சக்கர வண்டி செஞ்சு வெளிய அனுப்பினாங்க.

— அட, ஞாபகம் வச்சிருக்கீங்களே.

— ஞாபகம் வச்சிருக்கேனாவா? தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பேன் சார். அப்புறம் இந்த இஞ்சின். எல்லாரும் வேலைக்கு ஆகாதுன்னு ஒதுக்கினதை, நாப்பத்தேழு ஜப்பான்காரங்க ஒரு கூரையடியில உக்காந்து வருஷக்கணக்கா நோண்டினாங்க. இஞ்சினோட உள்சுவர்ல கீறல் கீறலா விழும். அதுக்குப் பேரு பிசாசு நகம். கடைசியில கீறல் நின்னுச்சு. இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்துல ஜெயிச்ச முதல் ஜப்பான் வண்டி இவங்களோடதுதான். சரியா?

— நாப்பத்தேழுன்னு கூடச் சொல்லிட்டீங்க. என் பொண்ணுகிட்ட நூறு தடவை சொல்லியிருக்கேன். "அப்பா, ஏதோ நாப்பது பேரு"ம்பா.

— உங்க பொண்ணு இங்க நின்னு ப்ளக்கைத் துடைச்சுக்கிட்டே கேட்டுச்சா? கேட்டிருந்தா அதுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

— இந்தாங்க, டீ. பாத்து, சுடுது. இன்னைக்கு ஏன் உங்க கையில கறையே இல்ல?

— இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன். ப்ளக்கை வெயில்ல வச்சிருக்கேன், காயட்டும். உக்காருங்க. ஆமா, பொண்ணு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா?

— மாப்பிள்ளை போட்டுட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை. பதினாலு மணி நேரம் ப்ளேன்ல உக்காரணுமாம்.

— திரும்பி வர்றது எப்போ?

— திரும்பி வர டிக்கெட் இல்லம்மா. அங்கேயே இருந்துடுங்கன்னு சொல்றா. அவ அம்மா போய் எட்டு வருஷமாச்சு, தனியா எதுக்குக் கிடக்கணும்கறா. தப்புன்னு எப்படிச் சொல்றது? மாடியில எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்காளாம். ஜன்னலுக்கு என்ன கலர் திரை வேணும்னு கேக்கறா.

— என்ன கலர் சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, மூணு வருஷமா அவ கூப்பிடும்போதெல்லாம் "வண்டி வித்ததும் வர்றேன்மா"ன்னு சொல்லியே ஓட்டிட்டேன். இதையெல்லாம் யாரு வாங்கப் போறாங்கன்னு ஒரு தைரியம். ஆயில் குடிக்கிற, பெட்ரோல் குடிக்கிற, மாசத்துக்கு ஒரு தடவை படுத்துக்கிற வண்டி. கடைசியில அவளே விளம்பரம் போட்டு ஆளையும் பிடிச்சுட்டா. அதாவது, நான் தோண்டின பள்ளத்துல நானே விழுந்துட்டேன். இன்னைக்கு வண்டி கைமாறினா வெள்ளிக்கிழமை நான் போயாகணும். வாக்கு குடுத்திருக்கேன்.

— நல்லதுதானே சார். பேத்தி இருக்கா. முழங்கால் வலின்னா ஓடி வந்து பாக்க ஆள் இருக்கும்.

— ம்.

— எல்லாரையும் போல நீங்களும் போக வேண்டியதுதான்.

— எங்க வண்டிக்காரங்க குரூப்லயும் அதையேதான் சொல்றாங்க. பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு பாருங்க, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கோட்டுப் பையில மாத்து ப்ளக் நாலு வச்சிருப்பாரு. அவரே போன வருஷம் வித்துட்டாரு. இப்ப ஏதோ சத்தமே போடாத வண்டி வச்சிருக்காராம். "எப்படி இருக்கு டாக்டர்"னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் பேச்சுக்கு நிக்க மாட்டேங்கறாங்க"ன்னாரு.

— முதல் தடவை நான் வந்தது ஞாபகம் இருக்கா சார்?

— மறக்குமா? உங்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். அவரு தவறிப் போனது எனக்குத் தெரியாது. "அவர் இல்ல, நான் வர்றேன்"னு சொன்னீங்க. பையைத் தூக்கிட்டு ஸ்கூட்டர்ல வந்து இறங்கினீங்க.

— இந்த இஞ்சினை அதுக்கு முன்னாடி நான் தொட்டதே இல்ல. தெரியாதுன்னு சொன்னா ஒரு கஸ்டமர் போயிடுவாருன்னு பயம். பானெட்டைத் தூக்கினா தலையும் புரியல வாலும் புரியல. நீங்க ஒண்ணும் கேக்காம உள்ள போய் கையேட்டை எடுத்துட்டு வந்து, ஸ்டூல் போட்டு உக்காந்து, சத்தமா வாசிக்க ஆரம்பிச்சீங்க.

— நீங்க கேக்கக் கூச்சப்படுவீங்கன்னு தோணுச்சு.

— நீங்க வாசிக்க வாசிக்க நான் கழட்டினேன். நடுவுல நிறுத்திட்டு, "பயமா இருக்கா"ன்னு கேட்டீங்க. அவரு போனதுக்கு அப்புறம் "ஷெட்டை மூடிடு"ன்னு சொன்னவங்கதான் இருந்தாங்க சார். பயமா இருக்கான்னு யாரும் கேக்கல.

— நீங்க என்ன பதில் சொன்னீங்க தெரியுமா?

— "அடுத்த வரியை வாசிங்க"ன்னேன்.

— அதேதான்.

— ஹலோ, அங்கிள். நாலு மணிக்கு வர்றேன்னு சொன்னேன்ல? கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். ஐயோ, செம அங்கிள். போட்டோவுல பாத்ததை விட செம. ஆன்ட்டி யாரு, உங்க வீட்லயா?

— நான் மெக்கானிக், தம்பி.

— ஓ, சாரி ஆன்ட்டி. அங்கிள், ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

— அதாவது தம்பி, இன்னைக்குன்னு பாத்து ஒரு சின்னச் சிக்கல்...

— ஸ்டார்ட் ஆகல, தம்பி. எப்ப ஆகும்னும் சொல்ல முடியாது. நான் உள்ளதைச் சொல்லிடறேன், நாளைக்கு என் மேல பழி வரக் கூடாது. ஆயிலைக் குடிக்கும். மைலேஜைக் கேட்டா அழுதுடுவீங்க. பொண்ணு பாக்கப் போற அன்னைக்குப் பாத்து படுத்துக்கும்.

— எல்லாம் தெரியும் ஆன்ட்டி. படிச்சுட்டுதான் வந்திருக்கேன். ப்ளக் நனைஞ்சிருக்கும், அவ்வளவுதானே? நோ இஷ்யூஸ். இழுத்துட்டுப் போக வண்டி சொல்லிடறேன், அரை மணி நேரத்துல வந்துடும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அங்கிள், நீங்க இந்தப் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.

— ஓடாத வண்டியை யாராவது வாங்குவாங்களா தம்பி?

— மனசுக்குப் பிடிச்சிருச்சு ஆன்ட்டி. என்ன பண்றது?

— அதுக்கு மேல நான் என்ன சொல்ல? பிடிச்சுப் போச்சுன்னா போச்சுதான்.

— அங்கிள், இந்தாங்க பேனா. இங்க, இந்தக் கோட்டு மேல.

— கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல.

— நெத்தியில இருக்கு அங்கிள்.

— ஆமா. மெக்கானிக்கம்மா, போட்டுடட்டுமா?

— என்னை ஏன் சார் கேக்கறீங்க? வண்டி உங்களோடது. கையும் உங்களோடது.

— இல்ல, ஒரு வார்த்தை சொல்லுங்க.

— டீ ஆறிப் போகுது சார். குடிங்க.

— தம்பி, உங்களைச் சிரமப்படுத்திட்டேன். மன்னிச்சுடுங்க. வண்டியை விக்கறதா இல்ல.

— என்ன அங்கிள் இது? உங்க பொண்ணு உறுதியாச் சொன்னாங்களே. விலை கம்மின்னு நினைச்சா சொல்லுங்க, பேசுவோம்.

— விலையில ஒண்ணும் இல்லப்பா. பொண்ணு அவசரப்பட்டுட்டா. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு. எங்க குரூப்ல எண்பது பேருக்கு மேல இருக்காங்க. யார் விக்கறாங்கன்னு நானே விசாரிச்சு, நானே கூட வந்து பாத்து வாங்கித் தர்றேன். ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க.

— வேணாம் அங்கிள். பரவால்ல. மறக்காம போன் பண்ணுங்க. வர்றேன் ஆன்ட்டி.

— பத்திரமாப் போங்க தம்பி.

— போயிட்டான். பாவம், முகமே வாடிப் போச்சு.

— ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

— வண்டி விக்கலைன்னு சொல்லுவேன். இந்தத் தடவை சாக்கு சொல்லப் போறதில்ல. எனக்கு இங்கதான் இருக்கணும்னு இருக்கு, லீவுக்குப் பேத்தியைக் கூட்டிக்கிட்டு நீ வாம்மான்னு சொல்லுவேன். கோவிச்சுப்பா. ரெண்டு நாள் பேச மாட்டா. மூணாம் நாள் மாத்திரை போட்டீங்களான்னு போன் வரும்.

— எதுக்கு இங்க இருக்கணும்?

— அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு ஒத்துக்கணும். நீங்க திட்டினாலும் சரி. அந்தப் பூனை, தண்ணி லாரி, வெயில் எல்லாம் பொய். மூணு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவை, நானேதான் பச்சைத்தண்ணியா கிடக்கிற இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணினேன். ஒரு தடவையில நனையலேன்னா மூணு தடவை பண்ணுவேன். பண்ணிட்டு உங்களுக்குப் போன் போடுவேன். நாலு ப்ளக்கும் காய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் நீங்க இங்க உக்காந்திருப்பீங்க. வேற எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல.

— தெரியும் சார்.

— என்ன தெரியும்?

— நீங்களேதான் பண்றீங்கன்னு. ரெண்டாவது தடவையே தெரியும். பதினெட்டாம் பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டின மனுஷன், அதே தப்பை மாசா மாசம் பண்ணுவாரா? நான் என்ன அவ்வளவு மக்கா?

— தெரிஞ்சும் வந்தீங்களா?

— வந்தேன். வர்ற வழியில கண்ணாடியில முகம் பாத்துட்டுக் கூட வந்திருக்கேன். போதுமா?

— போதும்மா. எனக்கு இது ரொம்பவே போதும். ஆனா ஒண்ணு நீங்க நம்பணும். இன்னைக்கு நான் சத்தியமா எதுவும் பண்ணல. பொண்ணுக்குக் குடுத்த வாக்கு, போயிடறதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டுதான் சாவியைத் திருப்பினேன். எப்பவும் பெட்ரோல் வாடை குப்புன்னு வரும், இன்னைக்கு அந்த வாடையே வரலையே?

— எப்படி சார் வரும்? காலையில ஆயில் பாக்க வந்தேன்ல, அப்பவே இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்ப்போட ஃப்யூஸை நான் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டேன்.