பதினெட்டு அடி மண்டபம்

வீட்டுப்படம் வரையப் பழகுகிறவர் முதலில் அறியவேண்டியது, பென்சிலை அடிக்கடி சீவவேண்டும் என்பதுதான். மழுங்கிய பென்சில் கோட்டின் தடிப்பிலேயே ஓர் அங்குலச் சுவரைத் தின்றுவிடும். இதை நான் அறிந்தது அறுபத்திரண்டாவது வயதில், தபாலதிபர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு.

முன்பள்ளிகள் கட்டித்தரும் தொண்டு நிறுவனத்து அலுவலர் யோகநாதன் அவர்கள் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் முன்பள்ளியின் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஐயா, இந்த ரெண்டு இடத்திலயும் கடதாசி மெலிஞ்சு கிடக்கு, பாருங்கோ" என்றார். பார்த்தேன். மெலிந்துதான் கிடந்தது. ஆகவே எழுதுகிறேன்.

ஜெகதீஸ்வரி என் தங்கை பத்மாசனியின் மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. இரணைமடு வாய்க்கால் கரையில் உள்ள எங்கள் வீட்டில் என் பொறுப்பில் வளர்ந்தவள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு கிளிநொச்சியில் படவரைஞர் வகுப்பொன்று தொடங்கியபோது போகலாமா என்று என்னிடம் கேட்டாள். அனுமதித்தேன். ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் மேசையில் இருந்து கோடு போடுவதால் எவரும் எங்களைப் பற்றிக் கதைக்கப்போவதில்லை.

ஆனால் என் வீட்டில் எனக்கு விளங்காத ஒரு காரியம் நடப்பது முறையல்ல. அதனால் மேசையின் மறுபக்கத்தில் நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டேன். அவள் வகுப்பில் படித்ததைப் பின்னேரம் எனக்குக் காட்டுவாள். நான் முதலில் வரைந்தது எங்கள் சொந்த வீட்டை. பத்மாசனி தேத்தண்ணியோடு வந்து அதைக் கனநேரம் பார்த்தாள்.

"அண்ணை, குசினிக்கு வாசல் எங்க?"

நான் பார்த்தேன். வாசல் இல்லை.

"அப்ப நான் கூரையைப் பிரிச்சுத்தான் சோறு நீட்டவேணும்" என்றாள்.

"அம்மா, சும்மா இருங்கோ" என்றாள் ஜெகதீஸ்வரி. "மாமா, மூலைமட்டத்தை இடக்கையால அமத்துங்கோ. கோடு கீறி முடியுமட்டும் மூச்சைப் பிடியுங்கோ."

"மூச்சைப் பிடிச்சா அண்ணைக்கு ஏச்சு வராதே, பாவம்."

நான் சிரிக்கவில்லை. வாசலை வைத்தேன்.

என் கோடுகள் நேராக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு எழுதும் முறை எனக்கு நன்றாகப் பிடித்தது. அது தபால் கந்தோர் வேலைபோல ஒழுங்கானது. உள் அளவுகளையும் சுவர்த் தடிப்புகளையும் ஒரே வரிசையில் எழுதவேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை, வெளியே எழுதிய முழு நீளத்துக்கு ஒத்துவரவேண்டும். ஒத்துவந்தால் எவரும் திரும்பப் பார்க்கமாட்டார். மேசன் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை, எழுதிய இலக்கத்தைத்தான் பின்பற்றுவார். எல்லா வரைஞரும் இலக்கங்களை ஒரே அச்சாக எழுதப் பழகுவதால், அது எவருடைய கை என்று சொல்லமுடியாது. ஒளி ஊடுருவும் ரேசிங் கடதாசியில் மையால் எழுதியது பிழைத்தால் சவர அலகால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். இவ்வளவையும் எனக்குச் சொல்லித் தந்தவள் ஜெகதீஸ்வரிதான். பொறுமையான பிள்ளை.

அந்த ஆண்டு நிறுவனம் எங்கள் கிராமத்துக்கு ஒரு முன்பள்ளி தர முன்வந்தது. அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். சீமெந்து அனுமதியோடு பன்னிரண்டு பைதான் வந்தது. படத்தை ஜெகதீஸ்வரி வரையட்டும் என்றும், கட்டடம் சரியாக வந்தால் அடுத்து வரப்போகும் ஏழு முன்பள்ளிகளுக்கும் அவளையே வரைஞராக எடுப்பதாகவும் சொன்னார்கள். அவள் அன்று சோறு சாப்பிடவில்லை. சந்தோசத்தில் பசி இல்லை என்றாள்.

கட்டடம் முப்பது அடி நீளம். மண்டபம் பதினெட்டு அடி. நடுவில் ஒரு குறுக்குச் சுவர். அதற்கப்பால் ஒன்பது அடி ஒன்பது அங்குலத்தில் களஞ்சிய அறை. மூன்று சுவர்களும் ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். கூட்டிப் பாருங்கள், சரியாக முப்பது வரும். கூரையின் உச்சியைத் தாங்கும் முகட்டுவளை இரண்டு துண்டுப் பனைமரத்தில். அவை சந்திப்பது குறுக்குச் சுவரின் மேல். பனை காய நாள் எடுக்கும் என்பதால் தச்சருக்கு அந்த நீளங்களை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அத்திவாரத்துக்கு நிலம் குறித்த நாளில் அவளையும் கூட்டிப்போனேன். அது நான் விட்ட பிழை. மேசன் இராயப்பு முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர். முன்பு வலை இழுத்தவர். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் சும்மா இராது. அன்று குறித்தது வெளி மூலைகளை மட்டும்; குறுக்குச் சுவரைப் பிறகு படத்தைப் பார்த்துத்தான் எழுப்புவார்கள். அளவு நாடாவின் ஒரு முனையை ஜெகதீஸ்வரி பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் என்ற முறையில் மூலைக் கட்டை எங்கே வரவேண்டும் என்று சொன்னேன். அவள், "இல்லை மாமா, சுவரின்ர வெளிப்பக்கம் பாருங்கோ, நீங்கள் உள்பக்கம் பிடிச்சிருக்கிறியள்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"தலைவர் ஐயா, நீங்கள் அந்த வேம்பு நிழலில இருந்து எங்களுக்குத் தண்ணி வாத்தாப் போதும்" என்றார் இராயப்பு. "அளவைத் தங்கச்சி சொல்லட்டும். தங்கச்சி சொன்னாப் பிழைக்காது."

அங்கே நின்ற பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், அதைச் சொல்லவேண்டும்.

நான் தண்ணீர் வார்த்தேன். எனக்கு அதில் கோபம் வரவில்லை. நான் யோசித்தது குடும்பத்தைப் பற்றி மட்டுமே. இந்தப் பிள்ளை ஏழு கிராமங்களுக்குச் சைக்கிளில் போவாள். ஏழு இடங்களில் இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்களின் நடுவே நின்று நாடா பிடிப்பாள். வடமராட்சியிலிருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய என் தகப்பன், எங்கள் பெண்களைச் சந்தைக்குக்கூட விட்டதில்லை. வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்மாசனி அழுவாள், ஊர் என்னைப் பழைய மனிதன் என்று கதைக்கும். பிள்ளை தானாக வேண்டாம் என்றால் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை.

இனிக் கூரை போடும்வரை கட்டட வளவுப் பக்கம் வரக்கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். சரி என்றாள். மையிட்ட படம் என் ஒப்பத்துக்காக ஒரு பின்னேரம் என்னிடம் இருந்தது. பிரதி எடுக்க மின்சாரம் இல்லை. பென்சில் படத்தை, கடதாசித் தட்டுப்பாட்டால், அழித்து வேறு பயிற்சிக்குப் பாவித்துவிட்டாள். சிக்கனமான பிள்ளை.

சவர அலகு ஒன்றை எடுத்தேன். எட்டின் மேல்வளையத்தில் வலது பக்கத்தைச் சுரண்டினால் அது ஆறாகும். பதினெட்டு பதினாறு ஆயிற்று. களஞ்சிய அறையின் ஒன்பது அடியில் அந்த ஒன்பதைச் சுரண்டிப் பதினொன்று எழுதினேன். பதினொன்று என்பது இரண்டு நேர்கோடுகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன், நேராகவே வந்தன. கூட்டுத்தொகை முப்பது. ஒப்பமிட்டு இராயப்புவிடம் கொடுத்தேன்.

வளை ஏற்றிய அன்று களஞ்சியப் பக்கத்துத் துண்டின் முனைக்குக் கீழே சுவர் இல்லை. சுவர் இரண்டு அடி தள்ளி நின்றது. இராயப்பு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவர் ஐயா, இது காத்தில குந்தியிருக்கப்போகுதோ?"

வேலையை நிறுத்தி வளையை இறக்குவோம் என்றார். பின்னேரம் நிறுவனத்தார் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் பிழையைக் கண்ணால் காணவேண்டும் என்பது என் எண்ணம். "இப்போதைக்கு ஒரு முட்டுக் கொடுங்கோ, போதும்" என்றேன். அவர் விருப்பமில்லாமல்தான் கொடுத்தார். முட்டு வழுக்கியது. வளை இராயப்புவின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே விழுந்தது. கால்தான். தலையில் விழுந்திருக்கலாம்.

ஜெகதீஸ்வரி ஓடிவந்தாள். அவரை மாட்டு வண்டியில் ஏற்றியபின் அளவுகோலைக் கொண்டுவந்து படத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு பதினெட்டில் நின்றது. இலக்கம் பதினாறு என்றது.

"கோடு சரி மாமா. எழுதினதுதான் பிழை. பதினாறு எண்டு எழுதிப்போட்டு, மிச்சத்தைக் கழிச்சு எழுதியிருக்கிறன். நான் ஏன் அப்பிடி எழுதினன்?"

பழகுகிறவர்கள் கடைசி அளவைக் கழித்துத்தான் எழுதுவார்கள். அவள் இப்படி நினைப்பாள் என்று நான் எதிர்பார்த்ததே. அவளுடைய தலையைத் தடவி, "முதல் படம்தானே பிள்ளை, எல்லாருக்கும் பிழைக்கும்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சிறுபிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுதது அன்றுதான்.

இராயப்புவின் எலும்பு நேராகப் பொருந்தவில்லை. தடியோடு நடக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிகிற நேரம் பார்த்து ஜெகதீஸ்வரி அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். அரிசி என்னுடையது. "தங்கச்சி, நீ வேணுமெண்டோ செய்தனி? போம்மா, போய் வேலையைப் பார்" என்று அவர் சொல்லுவாராம். அவள் வீட்டுக்கு வந்து அதையும் சொல்லி அழுவாள்.

வேலை வேண்டாம் என்று அவளே நிறுவனத்துக்கு எழுதினாள். நிறுவனத்துக்கு வரைஞர் கிடைக்கவில்லை. கிராமத்தின் பெயர் கெடக்கூடாது என்று நான் முன்வந்தேன். ஏழு முன்பள்ளிகளின் படத்திலும் மூலையில் மயில்வாகனம் என்று என் பெயர் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சைக்கிளில் போய் நின்று அளவு சொல்கிறவனும் நான்தான். எவரும் சிரிப்பதில்லை.

கோடுகளை அவள் கீறித் தருகிறாள். இலக்கங்களையும் அவளே எழுதுகிறாள். வீட்டுக்குள் மேசையில் இருந்தபடி. எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டி, "மாமா, சரியோ பாருங்கோ, எனக்கு என்ர கையில நம்பிக்கை இல்லை" என்பாள். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பேன். ஒருநாளும் பிழை இருந்ததில்லை. "இன்னொருக்காக் கூட்டிப் பார், பிள்ளை" என்று திருப்பிக் கொடுப்பேன். கூட்டுவாள். மூன்று தரமும் கூட்டுவாள்.

யோகநாதன் அவர்களே, எட்டை ஆறாக்கியது நான். முட்டுக் கொடுக்கச் சொன்னதும் நான். இராயப்புவிடம் சொல்லவேண்டுமானால் சொல்லுங்கள், அவருக்குச் சேரவேண்டியதைச் செய்கிறேன். ஜெகதீஸ்வரியிடம் மட்டும் சொல்லவேண்டாம். தன் கையில் பிழையே இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை பிறகு யாரை நம்புவாள்?