நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் என் கையெழுத்து

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் வேதாந்தம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் கய்யூமின் துணைவியார் சகோதரி அஸ்மத்துன்னிசா அவர்களே, எங்கள் கணக்கீட்டு நிலையத் தோழர்களே! இந்த ராஜா அண்ணாமலைபுரம் மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து இந்தச் சுந்தரராமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து எழுந்து வெளியே போனதைப் பார்த்திருப்பீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

போன வெள்ளிக்கிழமை மாரடைப்பு பறித்துக்கொண்டதே, எங்களோடு வேலை பார்த்த அந்த அப்துல் கய்யூம் யார்? டிபக்கர் என்று ஒன்று எங்கள் கம்ப்யூட்டரோடு கப்பலில் வந்தது. மற்ற புரோகிராம்களை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன கோளாறு என்று காட்டும் புரோகிராம் அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் அங்கே நிறுத்தும். எங்களுக்கு அது போதும். கய்யூமுக்குப் போதுமா? "ஓடிக்கினு இருக்கறத அது எப்படி சார் நிறுத்துது?" இதே கேள்விதான், காபி குடிக்கும்போதும்!

சென்ற ஆண்டு பங்கஜம் அம்மாள் எழுதிய புரோகிராம் ஒன்று தனியே ஓடவிட்டால் ஒழுங்காக ஓடியது. டிபக்கரை வைத்துப் பார்த்தால் பாதியில் செத்தது. அந்த அம்மாளுக்கு வேலை தெரியவில்லை, நீக்கிவிடலாம் என்று இயக்குநருக்கு எழுதியது யார்? நான்! கப்பலில் வந்த சரக்கு தப்புப் பண்ணுமா என்ற நினைப்பு.

கய்யூம் என் மேஜைக்கு வந்து நின்றார். "பாக்காதப்போ ஒழுங்கா ஓடுது, பாக்க வந்தா நின்னுடுது. அப்போ பாக்க வந்தவன் யாருன்னு பாக்க வாணாமா சார்?"

அன்றே அலமாரியிலிருந்து டிபக்கரின் மூல நிரல், அதாவது அதன் கட்டளைகள் அத்தனையும், அச்சிட்ட காகிதக் கட்டை இறக்கினார். அறுநூறு பக்கத்துக்கு மேல். அதுவரை அதன்மேல் பிளாஸ்க் வைத்திருந்தோம். அடையாறு பஸ்ஸிலும் விரித்துப் படித்தார். "இன்னா பாய், ஜமக்காளம் விரிச்சிக்கினு வர்ற? மடி, மடி!" என்று கண்டக்டர் திட்டியதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் விடை கிடைத்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையை டிபக்கர் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, 'நில்' என்ற தன் கட்டளையை அங்கே வைக்கிறது. பிறகு பழையதைத் திருப்பி வைக்கிறது. அட்டை வாசிக்கும் இயந்திரம் அட்டைகளைக் கடித்துத் துப்பும் என்று பயந்து, பங்கஜம் அம்மாள் ஒரே இடத்துக்கு இரண்டு அட்டை வைப்பார். இரண்டாம் முறை டிபக்கர் தன் 'நில்'லையே பழைய கட்டளை என்று நினைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது! உண்மையான கட்டளை தொலைந்தது. பிழை தேட வந்தவனிடமே பிழை! பங்கஜம் அம்மாளின் வேலை பிழைத்தது.

அதன்பின் முழுக் கட்டையும் இருவர் படிக்க வேண்டும், புரிந்த பக்கத்தின் ஓரத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். கய்யூமும் நானும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. சற்று முன் இதே மேடையில் இயக்குநர் சொன்னார்: "கவலை வேண்டாம், கய்யூமோடு படித்த சுந்தரராமன் இருக்கிறார்."

பெரியோர்களே, நான் படிக்கவில்லை. ஒரு பக்கம்கூட! அவர் கையெழுத்தைப் பார்த்து என் கையெழுத்தைப் போட்டேன். முந்நூற்றாறாம் பக்கத்தில் தனக்குப் புரியாத இடத்தில் கய்யூம் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, கையெழுத்திடாமல் விட்டிருந்தார். அதன் கீழும் நான் கையெழுத்திட்டேன்! அதைப் பார்த்தார். "ஷோக்கா கீது சார் கையெழுத்து" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. பங்கஜம் அம்மாளுக்கு நான் செய்ததை எனக்கு அவர் செய்யவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இயக்குநர் அவர்களே, என் கையெழுத்து அத்தனையையும் அடித்துவிடுகிறேன். முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். இரண்டாவது கையெழுத்தைப் பங்கஜம் அம்மாள் போடட்டும், என்னைக் கேள்வி கேட்டு, பதில் சரியாக இருந்தால் மட்டும்!

கய்யூம் பாய், முந்நூற்றாறாம் பக்கத்துக்கு வரும்போது உம்மைக் கேட்க முடியாதே என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. உம் கேள்விக்குறி அங்கேயே இருக்கும். பதில் தெரியும்வரை அதன் கீழே நான் கையெழுத்திட மாட்டேன்.