தெப்பம் இருந்ததா

அந்த முக்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள். தையலைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்.

நீங்கள் என் பட்டறைத் தரையில் விரித்திருக்கும் இந்த ரப்பர் தெப்பத்தின் மேல்துணியை யார் தைத்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். மாப்பிள்ளைதான். என் தங்கையின் கணவர். ஊசி முன்னே போய், பாதி தூரம் பின்னே வந்து, மறுபடி முன்னே போயிருக்கிறது பாருங்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். படகுக்குப் பாய் தைப்பவர்களின் தையல் இது. இதே மேசையில் வைத்து நான் சொல்லிக்கொடுத்தேன். விரலைக் குத்திக்கொண்டு, "இதுக்கு நான் நீந்தியே போயிடுவேன் மச்சான்" என்று சிரித்தார்.

முதல் கிழிசலில் தையல் கோணலாக ஓடுகிறது. ஓரத்தில் இருக்கும் கிழிசலைப் பாருங்கள், நேராக வந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கை பழகியிருக்கிறது. கை பழக நாளாகும். நூல்கூட நூல் இல்லை, கம்பளி. தங்கை பின்னிக்கொடுத்த நீல ஸ்வெட்டரைப் பிரித்திருக்கிறார்.

கடலில் கிடைத்தபோது உள்ளே யாரும் இல்லை என்றீர்கள். சரி.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் இன்ஜின் பழுது பார்ப்பார். கையில் நாலு காசு சேர்ந்தால் தனியாகப் பாய்மரப் படகில் கிளம்பிவிடுவார். அப்போதெல்லாம் தங்கை இந்தப் பட்டறைக்கு மேலே இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் திரும்பியதும் போய்விடுவாள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்கு நேரமும் வாய்க்கவில்லை. இந்த முறை அவள் ஒரு பெரிய பெட்டியோடு வந்தாள். அதை மாடியில் வாசல் பக்கத்திலேயே வைத்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் என் முழங்காலில் இடிக்கும்.

அவள் காத்திருப்பதை நீங்கள் பார்த்ததில்லை. போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டாள். ஈரமே இல்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்பாள். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் ஜன்னலைச் சாத்துவாள், பிறகு திறப்பாள், பிறகு சாத்துவாள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எதற்கு உட்கார்ந்தோம் என்று மறந்துவிடுவாள். மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது வரவேற்கும் முகத்தை மட்டும்தான். மற்றதைப் பார்த்தவன் நான். பார்க்கத்தான் முடிந்தது, வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அவருடைய படகின் ஆபத்துக் கருவி ஒரே ஒரு தடவை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்த அன்று, எங்கள் இருவரையும் உங்கள் தேடுதல் அலுவலகத்துக்கு அழைத்தீர்கள். மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். கடலைத் தேடுகிறவர்களின் அறையிலிருந்து கடல் தெரியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உங்களோடு இருக்கும் கண்ணாடிக்காரர், காதில் பென்சிலைச் செருகி வைத்துக்கொண்டே மேசை முழுக்கப் பென்சிலைத் தேடினார். என் தங்கை அதை எடுத்துக்கொடுத்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

அவர் வரைபடத்தைக் காட்டி அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். படகு பாதி மூழ்கிக் கிடந்தால் நீரோட்டம் இழுக்கிற பக்கம், அதாவது தெற்கே போகும். தெப்பத்தில் ஏறியிருந்தால் அது தண்ணீருக்கு மேலே இலை மாதிரி உட்கார்ந்திருக்கும், காற்று தள்ளுகிற பக்கம், கிழக்கே போகும். நாளாக ஆக இரண்டுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போகும்.

"ரெண்டு பக்கமும் பார்க்க விமானம் இல்லம்மா. ஒரு பக்கம்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். படகைத் தயார் செய்தவன் நான் அல்லவா. "தெப்பம் இருந்துச்சா சார்?"

"இல்லீங்க" என்றேன். "சோதிக்கறதுக்கு என்கிட்ட குடுத்திருந்தார். வாங்கிக்காமலே கிளம்பிட்டார்."

முன்கூட்டியே யோசித்து வைத்த பதில் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது, அதில் யோசித்தேன். அவர் கிடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி கிளம்புவார், இவள் மறுபடி ஜன்னலைத் திறந்து சாத்துவாள். கிடைக்காவிட்டால் ஒரு முறை அழுவாள், நன்றாக அழுவாள், அதோடு முடியும். சொத்தைப் பல்லைப் பிடுங்குவது மாதிரிதான். வலிக்கும் என்பதற்காக யாரும் விட்டுவைப்பதில்லை.

கண்ணாடிக்காரர் தெற்கே ஒரு கட்டம் வரைந்தார். கோடு நேராக இருந்தது.

வெளியே நடையில் தங்கை என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அண்ணா, தெப்பத்தை நீதானே தூக்கிட்டுப் போய்க் கட்டின? நான் மாடியிலேர்ந்து பார்த்தேனே."

"அது தெப்பம் வைக்கிற வெறும் பெட்டிம்மா. படகு எடை சரியா நிக்கணும்னு கட்டினது. உள்ள ஒண்ணும் கிடையாது."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நீ சொன்னா சரி" என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் சரி.

உங்கள் ஆட்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விமானத்திலிருந்து இறங்குகிறவர்களின் கண்கள் சிவந்திருக்கும். நான் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவேன். ஒரு நாள் நீங்கள் என் தோளைத் தட்டி, "உங்களுக்கும் கஷ்டம்தான்" என்றீர்கள். உண்மைதான், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கிழக்கே வெகு தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், அலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்ததாகவும், திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டதாகவும் சொன்னது. நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "அறுந்து வந்த வலை மிதவையா இருக்கும் சார்" என்றேன். நீங்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. விமானம் மறுநாளும் தெற்கேதான் போனது.

என்னிடம் இருப்பதாகச் சொன்ன தெப்பத்தைக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால், அதோ அந்தப் பலகையில் இருக்கிறதே, வேறொரு வாடிக்கையாளருடையது, அதைக் காட்டியிருப்பேன். தூசி தட்டி வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும் வீட்டில் போய் யார் அதைக் கேட்பார்கள்? உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தேடுதலை நிறுத்துகிற அன்று கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரே ஒரு நாள் பார்க்க முடியாதாங்க?" என்று தங்கை கேட்டாள். நான்தான் அவளைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கிக் கூட்டிவந்தேன்.

நான் நினைத்த மாதிரி அவள் அழுது முடிக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் நாளாகும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கிளம்பும் அன்று நான் தெப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குந்தினார். "இதுதான் கடைசி மச்சான். வந்ததும் படகை வித்துடறேன். உள்ள தள்ளி ஒரு ஊர்ல வேலை பார்த்து வச்சாச்சு. கடல் வாடையே வராது. அவளைக் கூட்டிட்டுப் போயிடறேன். பாவம், போதும் அவ காத்திருந்தது" என்றார்.

"ரொம்ப நல்லது மாப்பிள்ளை" என்றேன். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கிழிந்தால் தைக்கட்டும் என்று தெப்பத்தின் பைக்குள் ஊசி வைத்ததும் நான்தான். நூல் வைக்க மறந்திருக்கிறேன்.

கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருமே கடைசி என்றுதான் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கைதான் நம்பினாள். மாடி வாசலில் இருந்த அந்தப் பெட்டி அதற்காகக் கட்டியதுதான். புது ஊரில் குளிருமாம், போர்வைகூட வைத்திருந்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள். தெப்பம் இருந்தது. அதைக் கட்டியவன் நான். இல்லை என்று சொன்னவனும் நான். அவர் கிழக்கே போய்க்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும், உங்களைத் தெற்கே அனுப்பினேன். அவள் நிம்மதிக்காகத்தான் செய்தேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மேலே நடக்கிற சத்தம் கேட்கிறதா? டீ போடுகிறாள், கொண்டுவருவாள். அவள் இறங்குவதற்குள் இந்தத் துணியைக் கொஞ்சம் மடித்துவிடுவோம், அந்தக் கம்பளியை அவளுக்கு அடையாளம் தெரியும். அவளிடம் இப்போதே சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை இங்கே அலமாரியில் அடுக்கியதே போன வாரம்தான்.