எட்டு வருடம் கேட்ட ஒரு மணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, கண்கலங்கி நிற்கும் செவிலியர்களே, திருவையாற்றிலிருந்து வந்திருக்கும் அம்மையாரின் குடும்பத்தாரே, வணக்கம்.

அறுவை சிகிச்சைப் பேராசிரியர் டாக்டர் குந்தவை அம்மையார் மறைந்துவிட்டார். எனக்கு முன் பேசியவர்கள் அவருடைய கைராசியைப் புகழ்ந்தீர்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அவர் எட்டு வருடமாக நம்மிடம் கேட்டதை ஒருவராவது சொன்னீர்களா? பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு! நோயாளியின் வழக்கம் என்ன, கூச்சம் என்ன, எப்படிக் கேட்டுத் தொடுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு மணி நேரம்!

அது ஏன் தேவைப்பட்டது? உங்கள் முன் நின்று பேசும் இந்த இளஞ்செழியனால்தான்.

தொண்ணூற்றேழில் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஆயிஷா என்ற பெண் மார்பில் கட்டியோடு வந்தார். கணவர் துபாயில். துணைக்கு மாமியார் மட்டும். வார்டு ரவுண்ட்ஸில் என் பின்னால் பத்து மாணவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். "துணிய எடும்மா, நேரமாகுது" என்றேன். அவர் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். 'நோயாளி சொல்லாமல் ஓடிவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். ஓடிவிட்டாராம்! விரட்டியது யார்?

ஏழு மாதம் கழித்து அந்தக் கேஸ் ஷீட் அம்மையார் கண்ணில் பட்டது. அன்றே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனார். "அத்தன ஆம்பளைங்க முன்னாடி எப்படிங்க டாக்டரம்மா? நீங்க தனியா கேட்டிருந்தா காட்டியிருப்பேனே" என்றாராம் ஆயிஷா. அம்மையாரே அழைத்துவந்து அறுவை செய்தார். ஆனால் நோய் முற்றிவிட்டது. துபாயிலிருந்து கணவர் வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

அம்மையார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விண்ணப்பம்தான் எழுதினார். 'பாடத்திட்டத்தில் இடமில்லை' என்றோம். மறுபடி எழுதினார். 'அதெல்லாம் அனுபவத்தில் தானாக வரும்' என்றோம். தானாக வருமா? எனக்கு வந்ததா? லேப்ராஸ்கோப் கருவி வந்தபோது பந்தல் போட்டு விழா எடுத்தோமே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பெண்கள் தனியாக வந்து நிற்கிறார்கள். நாமோ இன்னும் "வீட்டுக்காரர் எங்கே?" என்று அதட்டிக்கொண்டிருக்கிறோம்!

இரங்கல் கூட்டத்தில் குரலை உயர்த்தக் கூடாதுதான். மன்னியுங்கள், முடியவில்லை.

முதல்வர் அவர்களே, வருகிற திங்கட்கிழமை காலை ஏழரைக்கு என் வார்டில் அந்த வகுப்பு தொடங்குகிறது. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். ஒரு பெண்ணை நான் எப்படிச் சாகவிட்டேன் என்பதுதான் முதல் பாடம். என்மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் தாராளமாக எடுங்கள். வகுப்பு நடக்கும்.